நயாகரா போகாத வெள்ளிக்கிழமை

தேத்தண்ணி ஆறிய காலை

புதன்கிழமை காலை. தேத்தண்ணியை மேசையில் வைத்து இன்னும் ஒரு வாய் குடிக்கவில்லை, எங்கள் மனேஜர் மார்சியா வந்து என் கதிரைக்குப் பக்கத்தில் நின்றாள். மார்சியா ஜமேக்காக்காரி. நல்ல மனுசி, எதையும் நேரே சொல்பவள். அவள் ஒன்றும் பேசாமல் நின்றால் வந்திருப்பது தமிழ்க் கேஸ் என்று அர்த்தம்.

ஒன்பது வயதுப் பையன், அமெரிக்காவிலிருந்து வந்தவன். ஸ்காபரோவில் ஓர் ஆஸ்பத்திரியில் தனி அறையில் ஒக்சிசனோடு படுத்திருக்கிறான். நோய் சின்னமுத்து. இந்தியாவில் தட்டம்மை என்பார்கள், இங்கே மீசில்ஸ். லாப் ரிசல்ட் அன்று காலைதான் வந்தது. பிறந்ததிலிருந்து ஓர் ஊசியும் போடாத பிள்ளை. அதுபோக, சனிக்கிழமை காய்ச்சலோடும் இருமலோடும் அவன் ஏதோ பெரிய பிறந்தநாள் பார்ட்டியில் இருந்திருக்கிறான் என்றாள் மார்சியா. எந்த மண்டபம் என்று கேட்டேன். பெயரைச் சொன்னாள். பிறந்தநாளாவது கத்தரிக்காயாவது. அது சாமத்திய வீடு, பெரியபிள்ளையான பெண்ணுக்குச் செய்யும் சடங்கு. மணவறை, பல்லக்கு, மூன்று வகைப் பாயசம், ஐந்நூறு சனம்.

அந்தத் தேத்தண்ணியை நான் குடிக்கவேயில்லை.

நான் முப்பது வருடத்துக்குக் கிட்டக் கனடாவில் ரொறன்ரோ நகரப் பொதுச் சுகாதார அலுவலகத்தில் நேர்ஸாக இருந்தவள். வெள்ளைச் சட்டை போட்ட நேர்ஸ் என்று நினைக்க வேண்டாம். நான் ரெலிபோன் நேர்ஸ். யாருக்காவது தொற்று நோய் வந்தால், அவர் எங்கே போனார், யாரோடு இருந்து சாப்பிட்டார், யாரைக் கட்டிப்பிடித்தார் என்று துருவித் துருவிக் கேட்டு, அந்த ஆட்களைத் தேடிப்பிடித்து எச்சரிப்பது என் வேலை. ஆங்கிலத்தில் கொன்டாக்ட் ட்றேசிங். யாழ்ப்பாணத்தில் இதற்குப் பெயர் விடுப்புக் கேட்பது, அதாவது ஊர்வம்பு விசாரிப்பது. அங்கே சும்மா செய்வார்கள், இங்கே அதற்கு ஒரு டிகிரி கேட்டார்கள். இப்போது ஓய்வு பெற்றுவிட்டேன். அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்த தமிழ்ப் பிள்ளைகள் ஏதாவது எழுதித் தாருங்கள் என்று கரைச்சல் தந்ததால் இதை எழுதுகிறேன். ஊரும் பேரும் மாற்றியிருக்கிறேன். வாசித்துவிட்டு இது நான்தான் என்று யாராவது கோபித்தால், அது நீங்கள் இல்லை.

சின்னமுத்துப் பற்றி ஒரு விஷயம் தெரிந்தால் போதும். ஓர் அறையில் இருமியவர் எழும்பிப் போய் இரண்டு மணி நேரம் வரைக்கும் அந்த வைரஸ் காற்றில் நிற்கும். ஊசி போட்ட பெரிய ஆட்களைப் பற்றி எனக்கு அவ்வளவு பயமில்லை. என் பயமெல்லாம் கைக்குழந்தைகள். ஒரு வயதுக்கு முன் இங்கே வழக்கமாக இந்த நோய்க்கு ஊசி போடுவதில்லை. அப்படியான குழந்தைக்குப் பக்கத்தில் நோய் போயிருந்தால் குளோபியூலின் என்று வேறொரு ஊசி இருக்கிறது. ஆறு நாளுக்குள் போட வேண்டும். போட்டால் பெரும்பாலும் நோய் வராது, வந்தாலும் லேசாகப் போகும். ஆறு நாள் தாண்டினால் கையைக் கட்டிக்கொண்டு பார்த்திருக்க வேண்டியதுதான்.

மண்டபத்துச் சனத்தைப் பிடிப்பது கஷ்டமாக இருக்கவில்லை. நாங்கள் நாலு பேர் இருந்து ரெலிபோன் அடித்தோம். அங்கே வந்திருந்த கைக்குழந்தைகள் எல்லாரும் மத்தியானத்துக்குள் கிடைத்துவிட்டார்கள். சிக்கல் வேறிடத்தில். பையனின் குடும்பம் வியாழக்கிழமையே வந்திறங்கி, சனிக்கு முன்னும் பின்னும் வீடு வீடாகப் போயிருக்கிறது. எந்த வீடுகள் என்று சொல்ல வேண்டியவர் தகப்பன். அவர் சொல்லமாட்டேன் என்றார்.

சுதந்திர மனிதர்

தகப்பனுக்குத் தயாபரன் என்று பெயர் வைப்போம். நாற்பத்தேழு, நாற்பத்தெட்டு வயது. யாழ்ப்பாணத்தில் பிறந்து, இருபது வருடத்துக்கு மேலாக அமெரிக்காவில் ஐ.ரி. வேலை. ரெலிபோனை எடுத்ததும் ஆங்கிலத்தில் தொடங்கினார். இந்த உரையாடலுக்குத் தான் சம்மதம் தரவில்லை, இதை ரெக்கோர்ட் செய்கிறேன், என் குடும்பம் எங்கே போனது வந்தது அரசாங்கத்துக்குத் தேவையில்லாத விஷயம் என்றார். அமெரிக்க அரசியல் சட்டத்தில் ஏதோ ஓர் இலக்கத்தையும் சொன்னார். தம்பி, நீங்கள் நிற்கிறது ஸ்காபரோவில் என்று சொல்ல எனக்கு வாய் உன்னியது. அடக்கிக்கொண்டேன்.

அவர் மூச்சு விடுகிற இடம் பார்த்து, தமிழில் என் பெயரைச் சொன்னேன். சிவமலர், ஊர் மானிப்பாய். மனிதர் அப்படியே மாறிவிட்டார். மானிப்பாயில் எந்தப் பக்கம், தகப்பன் என்ன செய்தவர், எந்தப் பள்ளிக்கூடம், எத்தனை பிள்ளைகள், பிள்ளைகள் கட்டிவிட்டார்களா, மருமகன் எந்த ஊர் என்று எல்லாம் கேட்டார். நானும் சொன்னேன். தன் குடும்ப விஷயம் பிரைவேற் என்று ஆங்கிலத்தில் அறிவித்த அதே வாயால்தான் இவ்வளவும் கேட்டார். அவருக்கு அதில் ஒரு முரணும் தெரியவில்லை.

பிறகு தன் கொள்கையை விளங்கப்படுத்தினார். அரசாங்க டொக்டர்மார் மருந்துக் கம்பனிகளின் ஆட்கள். தான் யாரையும் கண்ணை மூடிக்கொண்டு நம்புவதில்லை. வேலைக்குப் போகிற வழியில் காரில் தினமும் வீடியோ கேட்டு, தானே ஆராய்ந்து முடிவெடுத்தவர். அவர் இருக்கும் மாநிலத்தில் ஒரு கையெழுத்துப் போட்டால் ஊசி போடாத பிள்ளையையும் பள்ளிக்கூடத்தில் சேர்ப்பார்களாம். பையனுக்கு மீனெண்ணெய் கொடுத்திருக்கிறார். விற்றமின் இருந்தால் போதுமாம்.

"அக்கா, என்ரை பிள்ளை என்ரை பொறுப்பு. மற்றவையின்ரை பிள்ளை அவையின்ரை பொறுப்பு. அவரவர் அவரவற்றை அலுவலைப் பாத்தால் ஒரு பிரச்சினையும் இல்லை. எங்கடை அமெரிக்காவிலை அப்பிடித்தான்."

இதை அவர் சொல்லும்போது அவருடைய பிள்ளையின் ஒக்சிசனை ஒரு கனேடிய நேர்ஸ் சரிபார்த்துக்கொண்டிருந்தாள். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. ஆனால் இந்த வேலையில் கோபத்தை வீட்டுக்குக் கொண்டுபோய், புருசன் தலையில்தான் இறக்கலாம்.

தயாபரன் ஒன்றும் தெரியாத மொக்கன் இல்லை. கொழுப்புக்கு மருந்துக் குளிசை போடுகிறார், முழங்காலுக்கு ஸ்கான் எடுத்திருக்கிறார், ஊரில் பள்ளிக்கூடத்தில் வரிசையில் நின்று போட்ட பி.சி.ஜி. ஊசித் தழும்பு அவர் கையில் இருக்கிறது. அப்போது யாரும் அவரிடம் சம்மதம் கேட்கவில்லை. கதையோடு கதையாக இன்னொன்றும் சொன்னார். அமெரிக்காவுக்குப் போன புதிதில் மனைவிக்கு உடம்பில் ஒரு வருத்தம் வந்து ஆஸ்பத்திரிக்குப் போனபோது, டொக்டர் வருவதற்கு முன் இன்சூரன்ஸ்காரர் வந்தாராம். அதற்குப் பிறகு சாகக் கிடந்தாலும் ஆஸ்பத்திரிக்குப் போக யோசிப்பார்களாம். அதைக் கேட்டபோது மட்டும் எனக்கு ஆள் மேல் இரக்கம் வந்தது. பார்க்க யாரும் இல்லாத ஊரில் ஒவ்வொருவனும் தனக்குத் தானே டொக்டராகிவிடுகிறான். பிறகு அதற்குச் சுதந்திரம் என்று பெயர் வைக்கிறான்.

எந்தெந்த வீட்டுக்குப் போனீர்கள் என்று கடைசியாக ஒருமுறை கேட்டேன். அது எங்கடை பிரைவசி என்று சொல்லி ரெலிபோனை வைத்துவிட்டார். சட்டப்படி வற்புறுத்த எங்களுக்கு வழி இருந்தது. ஆனால் அதற்குப் பேப்பர் தயாராக வேண்டும். பேப்பர் வந்தாலும் மனிதனின் வாயை அதனால் திறக்க முடியாது.

பரமேஸ் அன்ரியின் கோபம்

மார்சியாவுக்குக் கவலை. எனக்கு அவ்வளவு இல்லை. காரணம், வெளிநாட்டிலிருந்து வருகிற யாழ்ப்பாணத்தானுக்கு ஒரு கடமை இருக்கிறது. எல்லாச் சொந்தக்காரர் வீட்டுக்கும் போய், எல்லா வீட்டிலும் சாப்பிட வேண்டும். ஒரு வீட்டை விட்டால் அந்த வீட்டுக்காரர் ஆயுளுக்கும் கோபம். கோபித்துக்கொண்டவர் சும்மா இருக்கமாட்டார். மற்ற எந்தெந்த வீட்டுக்குப் போனார்கள், என்ன கறி வைத்தார்கள், எத்தனை மணிக்கு வெளிக்கிட்டார்கள் என்று விசாரித்து மனப்பாடமாக வைத்திருப்பார். ஆகவே எனக்குத் தேவை, தயாபரன் போன வீடு இல்லை. போகாமல் விட்ட வீடு.

தேடத் தேவையிருக்கவில்லை. சாமத்திய வீட்டுக்கு வந்தவர்கள் வரிசையில் யூனியன்வில்லில் இருக்கும் பரமேஸ் அன்ரிக்கு அழைத்தேன். எழுபது தாண்டியவர், தயாபரனுக்குச் சித்தி முறை. மண்டபத்தில் ஒருவருக்குத் தொற்று நோய் இருந்தது, உங்களுக்குக் காய்ச்சல் ஏதும் உண்டா என்றுதான் கேட்டேன். அமெரிக்காக்காரரின் பெடியன்தானே என்றார் அன்ரி. நான் ஓம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. எங்கள் சட்டம் அப்படி. அன்ரிக்கு அந்தச் சட்டம் தேவைப்படவில்லை, தானாகத் தொடங்கிவிட்டார்.

வியாழன் இரவு ரூஜ் பகுதியில் மூத்த அண்ணர் குணரத்தினம் வீட்டில் இறங்கியது, வெள்ளி காலை மாமா வீட்டில் இடியப்பமும் சொதியும், ஞாயிறு மத்தியானம் மச்சாள் வீட்டில் ஆட்டிறைச்சி, பின்னேரம் கூட்டாளி வீட்டில் தேத்தண்ணி. நான் எழுத எழுத அன்ரி மூச்சு விடாமல் சொன்னார். தன் வீட்டு வாசலால் காரில் போனவர்கள், ஒரு ஹோர்ன்கூட அடிக்கவில்லை என்று சொல்லும்போது அன்ரியின் குரல் தழுதழுத்தது. எங்கள் ஆட்களில் யாரும் தனி மனிதராக வாழ ஆசைப்பட்டால் முதலில் பரமேஸ் அன்ரியிடம் அனுமதி எடுக்க வேண்டும்.

அதே அன்ரி நடுவில், தான் பிரஷர் குளிசையைப் பாதியாகக் குறைத்துவிட்டதாகவும், ஒரு வீடியோவில் அப்படிச் சொன்னதாகவும் சொன்னார். அமெரிக்கர்களுக்குப் பைத்தியம் என்று நாங்கள் இங்கே இருந்து சிரிக்கிறோம். அதே வீடியோவை யூனியன்வில்லிலும் பார்க்கிறோம். குளிசையை டொக்டரைக் கேட்காமல் குறைக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டு, வெள்ளி பின்னேரம் எங்கே போனார்கள் என்று கேட்டேன்.

"நயாகராவாம். சொன்னவை. நயாகராவுக்குப் போய் ஒரு போட்டோவும் போடாமல் வந்த தமிழ்ச்சனத்தை நீர் கண்டிருக்கிறீரோ, பிள்ளை?"

நான் காணவில்லை. குடும்ப வட்ஸ்அப் குழுவில் இடியப்பத்துக்குக்கூடப் போட்டோ இருந்ததாம். நயாகராவுக்கு இல்லை.

அன்ரி சொன்ன வீடுகளுக்கெல்லாம் அன்று பின்னேரமே அழைத்துப் பேசினேன். கைக்குழந்தை ஒரு வீட்டிலும் இல்லை. மிச்சம் நின்றது அந்த வெள்ளிப் பின்னேரம். அங்கே ஒரு குழந்தை இருந்திருந்தால் அந்த ஊசிக்கு அடுத்த நாள் வியாழன்தான் கடைசி நாள். தயாபரனுக்கு அழைத்தேன். ரெலிபோனை நிறுத்தி வைத்திருந்தார்.

கார் பார்க்கில்

வியாழன் காலை எட்டு மணிக்கு ஆஸ்பத்திரிக் கார் பார்க்கில் ஆளைப் பிடித்தேன். மனைவி பிள்ளையோடு மேலே. இவர் காருக்குள் கதிரையைச் சாய்த்துப் படுத்திருந்தார். ரெலிபோனில் கேட்ட வீரமான குரலுக்கும் அந்த முகத்துக்கும் சம்பந்தமே இல்லை. தாடி வழிக்காமல், சட்டை கசங்கி, நித்திரை இல்லாத கண்கள். சின்ன வயதில் அவருக்கே சின்னமுத்து வந்து மாறியது என்று முதல் நாளே சொல்லியிருந்தார், ஆகவே அவரால் யாருக்கும் தொற்றப் போவதில்லை. நான் பக்கத்துச் சீற்றில் ஏறி இருந்தேன்.

முதலில் பிள்ளையைப் பற்றிக் கேட்டேன். நியூமோனியா, ஆனால் இரவு கொஞ்சம் நித்திரை கொண்டான் என்றார். மீனெண்ணெய் பற்றிப் பேச்சு வரவில்லை, நானும் எடுக்கவில்லை.

வெள்ளிப் பின்னேரம் நீங்கள் எங்கே போனீர்கள் என்று நான் கேட்கப்போவதில்லை என்றேன். உங்கள் வீடியோக்கள் சரியா பிழையா என்று வாதாடவும் வரவில்லை. ஒன்றே ஒன்றுதான் கேட்க வேண்டும். நீங்கள் போன வீட்டில் கைக்குழந்தை இருந்ததா?

பக்கத்தில் ஓர் அம்புலன்ஸ் வந்து நின்று, ஆளை இறக்கி, மறுபடி போய்விட்டது. பிறகு ஸ்டியரிங்கைப் பார்த்தபடியே சொன்னார்.

"மூண்டு மாசம். பெடியன் மடியிலை வைச்சுக் கொஞ்சினவன்." அடுத்து, இன்னும் மெதுவாக, "அண்ணைக்குத் தெரிய வருமோ, அக்கா?"

எந்த அண்ணைக்கு என்று எனக்கு முதலில் விளங்கவில்லை. பிறகு ஒவ்வொன்றாக வந்தது. இவர்கள் மூன்று பேர். மூத்தவர் குணரத்தினம், நடுவில் தயாபரன், கடைசி தங்கச்சி வதனி. வதனி தான் விரும்பிய பையனைக் கட்டினாள். பையன் நல்லவன், ட்ரக் ஓட்டுகிறவன், குடிக்கவும் மாட்டான். சாதி மட்டும் அண்ணருக்குப் பொருந்தவில்லை. வதனியின் வீட்டு வாசல் மிதிப்பவன் என் வீட்டு வாசல் மிதிக்கக் கூடாது என்று குணரத்தினம் சொல்லி எத்தனையோ வருடம். சொந்தக்காரர் எல்லாரும் அதற்குக் கட்டுப்பட்டு நடந்தார்கள். இவரும்தான். ஆனால் ரொறன்ரோவுக்கு வருகிற ஒவ்வொரு முறையும் நயாகரா என்று சொல்லிவிட்டு, மோர்னிங்சைட்டில் தங்கச்சியின் வீட்டுக்குப் போய் ஒரு பின்னேரம் இருந்துவிட்டு வருவார். வதனிக்கு வருடக்கணக்காகப் பிள்ளை இல்லை. எத்தனையோ வைத்தியம் செய்து இந்த வருடம்தான் ஒரு பெண் குழந்தை. அதைப் பார்க்கத்தான் குடும்பத்தோடு போயிருக்கிறார்கள்.

எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. ஒரு நாள் முழுக்க நான் அமெரிக்க அரசியல் சட்டத்தோடு மல்லுக்கட்டியிருக்கிறேன். அமெரிக்க அரசாங்கத்துக்குப் பயமில்லை, கனடாச் சட்டத்துக்குப் பயமில்லை, வைரசுக்கும் பயமில்லை, இந்தச் சுதந்திர மனிதர் பயந்தது ரூஜில் இருக்கும் அண்ணருக்கு.

ஆனாலும் அவரை அவ்வளவு லேசாக விட எனக்கு மனமில்லை. அண்ணருக்குப் பயம் என்றால் அதைப் பரவாயில்லை என்பேன். செவ்வாய்க்கிழமை பிள்ளையின் உடம்பில் சிவப்புப் போட்டபோதே தங்கச்சிக்கு மட்டும் இரகசியமாக ஒரு ரெலிபோன் அடித்திருக்கலாமே. ஏன் அடிக்கவில்லை என்று கேட்டேன். சின்னமுத்துத்தானே, ஒண்டும் செய்யாது எண்டு நினைச்சன் என்றார். அங்கேதான் வீடியோக்கள் வேலை செய்திருக்கின்றன. சொல்லப் பயந்தவருக்குச் சொல்லத் தேவையில்லை என்று அவை சொல்லிக்கொடுத்துவிட்டன. பயம் மட்டும் இருந்திருந்தால் அவர் எப்படியும் சொல்லியிருப்பார் என்றுதான் நான் இன்றைக்கும் நினைக்கிறேன்.

"தம்பி, உங்கடை பேரை நான் ஒருத்தருக்கும் சொல்லமாட்டன். என்ரை மனுசனுக்கும் சொல்லமாட்டன். நேற்று முழுக்கப் பிரைவசி பிரைவசி எண்டு கத்தினீங்கள். அது எங்களட்டைத்தான் இருக்கு. விலாசத்தைச் சொல்லுங்கோ."

சொன்னார். அண்ணர் வீட்டிலிருந்து காரில் பத்து நிமிசம்.

மோர்னிங்சைட்டில் ஒரு தாய்

வதனிக்கு அழைத்தேன். நான் யார், எதற்காக அழைக்கிறேன் என்று சொன்னேன். நோய் யாரிடமிருந்து என்று நாங்கள் சொல்வதில்லை. அவள் கேட்கவும் இல்லை. அவள் வீட்டுக்கு வருகிற ஆட்கள் அவ்வளவு குறைவு. குழந்தைக்கு இன்னும் காய்ச்சல் இல்லை, பால் குடிக்கிறாள் என்றாள். இன்றைக்கு ஊசி போட வேண்டும், இன்றைக்கு விட்டால் பிறகு பலனில்லை என்றேன்.

"பெடியன் எப்பிடி இருக்கிறான், அக்கா?" என்றாள். நான் சட்டத்தைச் சொல்லுமுன் அவளே தொடர்ந்தாள். "சின்னண்ணை இஞ்சை வந்தது பெரியண்ணைக்குத் தெரியாமல் பாத்துக்கொள்ளுங்கோ. பாவம், அவருக்குத்தான் கரைச்சல்."

தன் குழந்தைக்கு நோய் கொண்டுவந்தவனுக்கு இவள் பரிந்து பேசுகிறாள். சாதி பார்த்து இவளை ஒதுக்கியவரின் மனம் நோகாமலும் பார்க்கச் சொல்கிறாள். என் மகளாக இருந்திருந்தால் ரெலிபோனுக்குள் கையை விட்டு உலுப்பியிருப்பேன்.

அந்த ஊசி எல்லா டொக்டரிடமும் இருக்காது. மருந்தை வேறிடத்திலிருந்து எடுப்பிக்க வேண்டும். மார்சியா அன்று மத்தியானம் வரைக்கும் யாரிடமெல்லாமோ கத்திக் கத்தி அதை வரவழைத்தாள். குழந்தையை மற்ற நோயாளிகள் இருக்கும் வழியால் கொண்டுபோக முடியாது, பின்கதவு ஏற்பாடு செய்ய வேண்டும். வதனியின் புருசன் ட்ரக்கோடு மொன்றியலில். பின்னேரம் நான் கிளினிக்கின் பின்கதவடியில் நின்றபோது வதனி கார் சீற்றில் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்தாள். கார் ஓட்டிவந்தவர் தயாபரன். முகம் வழித்து, சட்டை மாற்றியிருந்தார்.

தொடையில் போட வேண்டிய ஊசி. ஊசியைக் கண்டதும் வதனி முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிவிட்டாள். யாராவது காலை அசையாமல் பிடிக்க வேண்டும் என்றாள் கிளினிக் நேர்ஸ். தயாபரன் பிடித்தார். குழந்தை ஒரு தரம் வீரிட்டுக் கத்தியது, அவ்வளவுதான். அவர் காலை விடாமல், இதில் என்ன இருக்கிறது என்று என்னைக் கேட்டார். முந்தின நாள் எனக்கு வீடியோ விஞ்ஞானம் படிப்பித்தவர் முதல் முறையாக ஒன்றைத் தெரியாமல் கேட்டார்.

இரத்தம் என்றேன். இரத்தத்தில் இருக்கும் பிளாஸ்மா. ஊசி போட்டவர்கள், நோய் வந்து மாறினவர்கள் என்று ஆயிரக்கணக்கான ஆட்களிடம் எடுத்து ஒன்றாகச் சேர்த்து, அதில் இருக்கும் எதிர்ப்புச் சக்தியை மட்டும் பிரித்தெடுப்பார்கள். யாருடையது என்று கேட்டார். பெயர் தெரியாது என்றேன்.

"கூடுதலா அமெரிக்காக்காரர்தான், தம்பி. உங்கடை ஆக்கள்."

அவர் குழந்தையின் காலை மெல்லத் தடவிவிட்டுக்கொண்டு நின்றார். ரூஜில் இருக்கும் குணரத்தினம் அண்ணரைத்தான் நான் நினைத்தேன். அந்த ஒரு துளிக்குள் எத்தனை நாட்டான், எத்தனை நிறத்தவன், எத்தனை சாதி. இவ்வளவு பேரையும் விசாரித்து முடிக்க மனிதருக்கு இன்னும் ஏழு பிறப்பு வேண்டும்.

எங்கடை பிள்ளை

அதன் பிறகு காத்திருந்தோம். இந்த வேலையில் கஷ்டமான பகுதி அதுதான். ஊசி போட்ட குழந்தைக்கும் சிலவேளை நோய் பிந்தி வரலாம். ஒவ்வொரு நாளும் காலையில் வதனிக்கு அழைத்து, காய்ச்சல் இருக்கிறதா, கண் சிவந்திருக்கிறதா என்று கேட்டேன். இல்லை, இல்லை என்றே சொல்லிக்கொண்டு வந்தாள். கடைசியில் இனி அழைக்கத் தேவையில்லை என்ற நாள் வந்தபோது, இருவரும் காரணமில்லாமல் கொஞ்ச நேரம் கதைத்துக்கொண்டிருந்தோம். அமெரிக்கப் பையனும் தேறி வீட்டுக்குப் போய்விட்டான். மெலிந்துபோனானாம், மற்றபடி சுகம்.

தயாபரன் திருந்தினாரா என்று புதிய பிள்ளைகள் கேட்பார்கள். அவர்களுக்கு எல்லாக் கதைக்கும் அப்படி ஒரு முடிவு வேண்டும். அமெரிக்காவுக்குத் திரும்பி ஒரு மாதத்துக்குள் அவர் குடும்ப வட்ஸ்அப் குழுவில் மறுபடி வீடியோ போடத் தொடங்கிவிட்டார். நோய்களெல்லாம் மருந்துக் கம்பனிகள் கிளப்பிவிடுகிற பயம், ஊசியால் பிள்ளைகளுக்கு ஆபத்து, அவரவர் உடம்பு அவரவர் உரிமை. பரமேஸ் அன்ரி ஒவ்வொன்றுக்கும் கும்பிடுகிற கைப் படம் போடுவாராம்.

நான் ஓய்வு பெற்ற பிறகு, கடை ஒன்றில் மரக்கறி தெரிந்தெடுத்துக்கொண்டு நிற்கும்போது வதனியைக் கண்டேன். வண்டிலில் அந்தக் குழந்தை, முன்பல் இரண்டு முளைத்து, ஒரு வாழைப்பழத்தைக் கூழாக்கி முகமெல்லாம் பூசிக்கொண்டிருந்தது. பெரியண்ணை இன்னும் வரவில்லை என்றாள் வதனி. ஆனால் சின்னண்ணை இப்போது கிழமைக்கு ஒருதரம் அழைக்கிறார். பிள்ளைக்கு ஒரு வயது முடிந்த நாள் காலையே அழைத்தாராம். நேரத்துக்கு வாழ்த்துச் சொல்லத்தான் எடுத்தார் என்று இவள் நினைத்தாளாம். அவர் வாழ்த்துச் சொல்லவில்லை. சின்னமுத்து ஊசிக்கு டொக்டரிடம் நாள் எடுத்துவிட்டாயா, ஒரு வயது முடிந்ததும் போட வேண்டும், தள்ளிப்போடாதே என்றுதான் முதலில் கேட்டாராம். அன்று பின்னேரமும் அழைத்து, போட்டாச்சா என்று கேட்டாராம்.

இவள் பொறுக்க முடியாமல், அப்ப நீ ஏன் இன்னும் அந்த வீடியோக்களை எல்லாருக்கும் அனுப்புகிறாய் என்று கேட்டிருக்கிறாள். அதற்கு அவர் சொன்ன பதிலை வதனி சிரித்துச் சிரித்துச் சொன்னாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

"அது பொதுவாச் சொல்லுறது. இது எங்கடை பிள்ளையெல்லோ."

புதிதாக இந்த வேலைக்கு வந்திருக்கிற பிள்ளைகளுக்கு என்னிடம் சொல்ல இவ்வளவுதான் இருக்கிறது. ரெலிபோனை எடுத்தவுடன் விஞ்ஞானம் பேசாதீர்கள், தோற்றுப்போவீர்கள். ஆளைப் பேச விட்டு, அவர் எந்தப் பிள்ளையை எங்கடை பிள்ளை என்று சொல்கிறார் என்று பாருங்கள். அந்தப் பிள்ளைக்காக அவர் எல்லாவற்றையும் சொல்வார், எந்த ஊசியையும் போடுவிப்பார். அந்த வீடியோக்களைப் பார்த்துவிட்டு ஊசி வேண்டாம் என்று இருக்கிற மற்ற வீடுகளிலும் பிள்ளைகள் இருக்கிறார்கள். அந்தப் பிள்ளைகளை அவர் எங்கடை என்று சொல்லமாட்டார். நீங்கள்தான் சொல்ல வேண்டும்.